மே மாதத் தண்ணீர்: பனியாறு உருகினால் ஆற்றுக்கு என்ன ஆகிறது?

லடாக்கின் லே நகரில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை, பனி இரண்டையும் சேர்த்தாலும் 100 மில்லிமீட்டர் அளவுதான் தேறும். சென்னையில் ஐப்பசி அடைமழை ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போகிற அளவு அது. ஆனாலும் லேயைச் சுற்றியுள்ள ஊர்களில் பார்லி விளைகிறது, பட்டாணி விளைகிறது, ஆப்ரிகாட் மரங்கள் காய்க்கின்றன. வயலுக்கு வரும் தண்ணீர் அநேகமாக முழுவதும் மேலே மலையில் உறைந்து கிடந்ததுதான். எந்த வயலுக்கு எப்போது மடை திறப்பது என்று முறை வைத்துப் பங்கிட ஊருக்கு ஒருவர் உண்டு. ‘சுர்போன்’ என்பார்கள். நம் ஏரிப் பாசன ஊர்களில் நீர்க்கட்டி என்பவர் பார்க்கிற அதே வேலை. ஆண்டு மொத்தத்தில் எவ்வளவு தண்ணீர் வந்தது என்பது அவருக்கு இரண்டாம் பட்சம். விதைப்புக் காலமான ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் ஓடையில் என்ன வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. பனியாறுகள் கரைவது பற்றிய செய்திகளைப் படிக்கும்போது நாமும் அந்த இடத்திலிருந்து தொடங்கினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். மார்கழியில் புல்நுனியில் நிற்பதும் நமக்குப் பனி, இமயத்தில் விழுவதும் பனி. செய்தித்தாள்கள் பனியாற்றையும் கடலில் மிதக்கும் கட்டியையும் சேர்த்தே ‘பனிப்பாறை’ என்று எழுதுகின்றன. சில சமயம் பனிச்சரிவுக்கும் அதே சொல்தான். இங்கே விழுவதை வெண்பனி என்றும், இறுகி மலைச்சரிவில் மெல்ல நகர்வதைப் பனியாறு என்றும் வைத்துக்கொள்வோம். ஆறு என்பது வெறும் உவமை அல்ல. ஆண்டுக்குச் சில மீட்டர் முதல் பல பத்து மீட்டர் வரை அது உண்மையிலேயே கீழ்நோக்கி ஊர்கிறது.

புதிதாக விழுந்த வெண்பனி ஒரு கன மீட்டர் எடுத்தால் 100 கிலோ அளவுதான் இருக்கும், மீதியெல்லாம் காற்று. அடுத்தடுத்த ஆண்டுகளின் பனி மேலே ஏறி அழுத்த அழுத்த, காற்று வெளியேறி, கன மீட்டருக்கு 900 கிலோ அளவுள்ள நீலம் பாரித்த பனிக்கட்டியாகிறது. பனியாற்றின் உச்சிப் பகுதியில் கோடை முடிந்த பிறகும் பனி மிஞ்சும், அது வரவு. கீழ்ப்பகுதியில் விழுந்தது போக அடியில் இருந்த பழைய கட்டியும் கரையும், அது செலவு. இரண்டும் சரிக்குச் சரியாகும் உயரம் சமநிலைக்கோடு. வெப்பநிலை 1 டிகிரி உயர்ந்தால், மழைக்கும் பனிக்கும் இடையிலான எல்லை மலையில் ஏறத்தாழ 150 மீட்டர் மேலே ஏறிவிடும். சமநிலைக்கோடும் அதைப் பின்தொடரும். உச்சிப் பகுதி அகலமான பனியாறு என்றால் இதைத் தாக்குப் பிடிக்கும். குட்டையான, தாழ்ந்த பனியாறு என்றால் கோடு அதன் உச்சியையே தாண்டிப் போய்விடும். வரவே இல்லாத கணக்கு அது.

இந்த வரவு செலவை எப்படி அளக்கிறார்கள்? இமாச்சலத்தின் லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்தில் சோட்டா ஷிக்ரி என்று சுமார் 9 கிலோமீட்டர் நீளமுள்ள பனியாறு இருக்கிறது. 2002 முதல் தொடர்ந்து அளக்கப்படுவது. கருவி என்னவென்றால் மூங்கில். 2 மீட்டர் துண்டுகளைக் கம்பியால் ஒன்றோடொன்று கோத்து, நீராவித் துளைப்பானால் கட்டியில் 10 மீட்டர் வரை ஆழத்துளையிட்டு இறக்கிவிடுவார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பர் கடைசியில் போய், எவ்வளவு மூங்கில் வெளியே தெரிகிறது என்று அளந்தால் அத்தனை தடிமன் கரைந்திருக்கிறது. ஒரே கழியாக ஊன்றாமல் துண்டுகளாகக் கோப்பதற்குக் காரணம், நீண்ட கழி வெளியே தெரிந்து காற்றில் ஆடினால் துளை அகன்று அளவு கெட்டுவிடும். துண்டு என்றால் வெளியே வந்தது மடிந்து படுத்துக்கொள்ளும். மேல்பகுதியில் பள்ளம் தோண்டி, போன ஆண்டின் அழுக்குப் படலம் தட்டுப்படும் வரை பனியின் ஆழத்தையும் எடையையும் எடுப்பார்கள். இப்படி 2002 முதல் 2019 வரை கிடைத்த சராசரி, ஆண்டுக்கு 0.46 மீட்டர் நீரளவு நஷ்டம். நீரளவு என்றால், கரைந்ததைத் தண்ணீராக்கிப் பனியாற்றின் பரப்பு முழுக்கச் சமமாகப் பரப்பினால் நிற்கும் ஆழம். பரப்பு சுமார் 15.5 சதுர கிலோமீட்டர். பெருக்கினால் ஆண்டுக்குச் சுமார் 70 லட்சம் கன மீட்டர். லிட்டரில் சொன்னால் 700 கோடி. இது ஆண்டுதோறும் விழும் பனிக்கு மேலாக, சேர்த்து வைத்த மூலதனத்திலேயே கைவைத்துச் செலவழித்தது.

பனியாற்றின் முனை எத்தனை மீட்டர் பின்வாங்கியது என்பதைத்தான் ஊடகங்கள் விரும்புகின்றன. படம் எடுக்க வசதி. ஆனால் அது ஏமாற்றும் அளவு. கல்லும் மண்ணும் போர்த்திய பனியாறுகள் முனை நகராமலே நடுவில் மெலிந்துகொண்டிருக்கும். அந்தப் போர்வையின் கதையும் விசித்திரமானது. ஓரிரு சென்டிமீட்டர் மண் படிந்தால் வெயிலை உறிஞ்சி உருகலைக் கூட்டும். அரை மீட்டர் படிந்தால் கம்பளி போலக் காத்துவிடும். ஆக ‘முனை அப்படியே இருக்கிறது, பனியாறு நலம்’ என்று யாராவது சொன்னால், தடிமன் என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.

எது கரைக்கிறது?

காற்று சூடாவதால் கரைகிறது என்பது பாதி விடை. 0 டிகிரியில் இருக்கும் 1 கிலோ பனிக்கட்டியை 0 டிகிரித் தண்ணீராக்க 334 கிலோஜூல் வேண்டும். அதே வெப்பத்தை அந்தத் தண்ணீருக்குக் கொடுத்தால் 80 டிகிரி வரை சூடாகிவிடும். இவ்வளவு ஆற்றலில் பெரும்பங்கு நேரடியாக வெயிலிலிருந்து வருகிறது. அதைத் தடுக்கும் காவல் வெண்மை. புதுப்பனி தன்மேல் விழும் வெயிலில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும்; வெறும் பனிக்கட்டி 30, 40 சதவீதத்தைத்தான் திருப்பும்; புழுதியும் கரியும் படிந்தால் அதுவும் குறையும்.

நேபாளம், சிக்கிம் பக்கத்துப் பனியாறுகளுக்கு இது வாழ்வா சாவா என்கிற விஷயம். மேற்கு இமயத்துக்குக் குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் காற்றுக் கலக்கங்கள் பனி கொடுக்கின்றன. கிழக்கே பெரும்பகுதி தென்மேற்குப் பருவமழையோடு, அதாவது கோடை நடுவில்தான் விழுகிறது. உருகும் மாதத்திலேயே மேலே புது வெள்ளைப் போர்வையும் விழுந்துகொண்டிருப்பதால் உருகல் மட்டுப்பட்டிருந்தது. 1 டிகிரி ஏறினால் அந்தப் பனி மழையாகிறது. மழை சுடுவதால் கட்டி கரைகிறது என்று நினைக்கத் தோன்றும். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. 5 டிகிரி வெப்பமுள்ள 10 மில்லிமீட்டர் மழை தன் வெப்பம் முழுவதையும் கொடுத்தாலும் 0.6 மில்லிமீட்டர் நீரளவுக்குத்தான் கட்டியைக் கரைக்கும். உண்மையான நஷ்டம் வேறு. அந்த மழை பனியாக விழுந்திருந்தால் கட்டி பல நாள் வெயிலிலிருந்து தப்பியிருக்கும். வரவுக் கணக்கிலும் சேர்ந்திருக்கும். ஒரே மழையில் இரண்டும் போயின.

களத்தில் விரைவாக மதிப்பிட ஓர் எளிய வழி இருக்கிறது. 0 டிகிரிக்கு மேல் இருக்கும் ஒவ்வொரு டிகிரிக்கும், ஒவ்வொரு நாளுக்கும், வெண்பனி சுமார் 4 மில்லிமீட்டரும் பனிக்கட்டி சுமார் 7 மில்லிமீட்டரும் கரையும் என்று வைத்துக்கொள்வது. ஒரு மாதம் சராசரியாக 5 டிகிரி இருந்தால் வெண்பனியில் 60 சென்டிமீட்டர், வெறுங்கட்டியில் 1 மீட்டருக்குச் சற்று மேல். இடத்துக்கு இடம் எண் மாறும் என்றாலும், பனி சீக்கிரம் விலகி அடிக்கட்டி தெரிந்துவிட்ட ஆண்டு ஏன் கெட்ட ஆண்டு என்பது இதில் தெரிந்துவிடும்.

ஏறி இறங்கும் கோடு

உருகல் கூடினால் ஆற்றில் தண்ணீர் குறைய வேண்டுமா, கூட வேண்டுமா? முதலில் கூடும். இதுதான் புதிதாகப் படிப்பவர்களைத் தடுமாற வைக்கும் இடம். ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். 10 சதுர கிலோமீட்டர் பனியாறு ஆண்டுக்கு 2 மீட்டர் நீரளவு உருகினால் 2 கோடி கன மீட்டர் கிடைக்கும். சூடு ஏறுகிறது, பரப்பு 9 ஆகச் சுருங்கினாலும் உருகல் 2.6 மீட்டராகிறது: 2.34 கோடி. ஆற்றில் தண்ணீர் கூடிவிட்டது. பின்பு பரப்பு 6, உருகல் 3 மீட்டர்: 1.8 கோடி. அதன்பின் பரப்பு 3, உருகல் 3.5 மீட்டர்: 1.05 கோடி. உருகும் வேகம் ஏறிக்கொண்டே போகிறது, கிடைக்கும் தண்ணீர் பாதியாகிவிட்டது. உருகுவதற்குப் பரப்பு இல்லை. நடுவில் வந்த அந்த உச்சத்தை ‘உச்சநீர்’ என்பார்கள். அந்த ஆண்டுகளில் புதுக் கால்வாய் வெட்டுவதும் புது நிலத்தைப் பாசனத்தில் சேர்ப்பதும் விதைநெல்லைக் குத்திச் சாப்பிடுகிற காரியம். சாப்பிடுகிற அன்றைக்குப் பானை நிறைந்துதான் இருக்கும்.

ஆண்டீஸ், ஆல்ப்ஸ் மலைகளின் பல ஆறுகள் இந்த உச்சத்தைத் தாண்டிவிட்டன. சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா ஆகியவற்றின் மலைப்பகுதிக்கு இந்த நூற்றாண்டின் நடுவிலோ அதற்குப் பிறகோ உச்சம் வரும் என்பது பெரும்பாலான மதிப்பீடு. காத்மாண்டுவில் உள்ள ஒருங்கிணைந்த மலை மேம்பாட்டுக்கான சர்வதேச மையம் 2023-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, இந்துகுஷ் இமயமலைப் பகுதியில் 2011 முதல் 2020 வரை பனியாறுகள் கரைந்த வேகம் அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 65 சதவீதம் அதிகம். பசுங்குடில் வாயுக்கள் இதே போக்கில் போனால் 2100-க்குள் கன அளவில் 80 சதவீதம் வரை போகலாம் என்றும் அது சொல்கிறது. ‘2035-க்குள் இமயப் பனியாறுகள் காணாமல் போய்விடும்’ என்று இன்னும் சில இடங்களில் எழுதுகிறார்கள். அது ஐ.நா. பருவநிலைக் குழுவின் 2007 அறிக்கையில் நுழைந்த பிழை. 2010-ல் அவர்களே ஒப்புக்கொண்டு திருத்திவிட்டார்கள். உண்மையான எண்களே போதுமான அளவு மோசம்.

எந்த ஆறு, எந்த மாதம்

எல்லா ஆறும் பனியாற்றை ஒரே அளவுக்கு நம்பியில்லை. காவிரிக்கும் தாமிரபரணிக்கும் பனியே கிடையாது, முழுக்க மழை. இமயத்தில் பிறக்கும் ஆறுகளுக்குள்ளும் பெரிய வித்தியாசம். 2014-ல் வெளியான ஒரு கணக்கீட்டில் சிந்துவின் மலைப்பகுதி நீரோட்டத்தில் பனியாறு சுமார் 40 சதவீதம், வெண்பனி உருகல் சுமார் 22 சதவீதம். கங்கையின் மலைப்பகுதியில் பனியாறு 12 சதவீதத்துக்குள்தான். மூன்றில் இரண்டு பங்கு மழை. கங்கை சமவெளியில் இறங்க இறங்க அந்தப் பங்கு இன்னும் சுருங்கும். ஆகவே ‘கங்கோத்ரி கரைந்தால் கங்கை வற்றிவிடும்’ என்பது மிகை. பருவமழை இருக்கிற வரை ஆவணியில் கங்கை கரைபுரளும். தட்டுப்பாடு வருவது மழைக்கு முந்தைய மே, ஜூன் மாதங்களில். ஆண்டுச் சராசரியை மட்டும் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியாது.

சிந்துப் படுகையில் ஆண்டுச் சராசரியும் அடிபடும். பாகிஸ்தானின் கால்வாய்ப் பாசனம் முழுவதும் இதன்மேல் நிற்கிறது. இந்தியப் பக்கம், சட்லெஜ் ஆறு பக்ரா அணைக்குக் கொண்டுவரும் தண்ணீரில் பாதிக்கும் மேல் பனியும் பனியாறும் உருகி வருவது. அந்த நீர் பியாஸ் நீரோடு பஞ்சாபின் ஹரிகேயில் சேர்ந்து இந்திரா காந்தி கால்வாய் வழியே ராஜஸ்தான் பாலைவனம் வரை போகிறது. பீகானேர் பக்கத்துக் குழாயில் வருவதில் ஒரு பங்கு, சட்லெஜில் வந்து சேரும் ஸ்பிதியின் பனி.

பனியாறு கொடுப்பதில் இன்னொரு குணம், வறட்சி ஆண்டில் அதிகம் கொடுப்பது. மேகம் இல்லை, மழை இல்லை, வெயில் கொளுத்துகிறது என்றால் பனியாறு கூடுதலாக உருகும். மழை பொய்த்த ஆண்டில் ஈடுகொடுக்கும் இந்தக் குணத்தை எந்த அணையும் தானாகச் செய்வதில்லை. பனியாறு சுருங்கும்போது முதலில் அடிபடுவது இதுதான். வெண்பனியும் துணைக்கு வருவதாகத் தெரியவில்லை. 2024-25 குளிர்காலத்தில் இந்துகுஷ் இமயப் பகுதியில் பனி தங்கிய அளவு இயல்பைவிட ஏறக்குறைய 24 சதவீதம் குறைவு. 23 ஆண்டுகளில் மிகக் குறைந்தது.

தண்ணீரோடு வண்டலும் வரும். பனியாறு நகரும்போது அடிப்பாறையை மாவாக அரைக்கிறது. கட்டி விலகிய இடங்களில் தளர்ந்த மண் திறந்து கிடக்கிறது. சட்லெஜில் 1,500 மெகாவாட் நாத்பா ஜாக்ரி நீர்மின் நிலையத்தில் வண்டல் பத்து லட்சத்துக்கு 5,000 பங்கைத் தாண்டினால் டர்பைன்களை நிறுத்திவிடுவார்கள். தூளில் குவார்ட்ஸ் அதிகம். இரும்புச் சக்கரத்தை உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். ஆற்றில் தண்ணீர் நிறைந்து ஓடும் நாளில் மின்சாரம் நிற்பது இப்படித்தான்.

ஏரி உடையும்போது

பின்வாங்கும் பனியாறு தான் தள்ளிக்கொண்டு வந்த கல், மண் குவியலை வாசலில் கரையாக விட்டுவிட்டுப் போகும். இதை மொரைன் என்பார்கள். பின்னால் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி ஏரியாகிறது. பார்க்க நம் கண்மாய்க் கரை மாதிரிதான் இருக்கும். ஆனால் யாரும் மிதித்து இறுக்கிய கரை அல்ல அது. உள்ளே பனிக்கட்டி புதைந்திருக்கும். அது கரைந்தால் கரை உள்வாங்கும்.

சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி 2023 அக்டோபர் 3 இரவு உடைந்தது. உறைந்து இறுகியிருந்த பக்கவாட்டு மொரைன் சரிந்து ஏரிக்குள் விழ, எழுந்த அலை கரையைத் தாண்டி அரித்தது. செப்டம்பர் 28 அன்று 167 ஹெக்டேர் இருந்த ஏரி அக்டோபர் 4 அன்று 60 ஹெக்டேர். கீழே சுங்தாங்கில் 1,200 மெகாவாட் டீஸ்டா-3 திட்டத்தின் அணையை அந்த வெள்ளம் அடித்துக்கொண்டு போனது.

ஆபத்து முன்பே தெரிந்ததுதான். 2016-ல் அங்கே 8 அங்குலக் குழாய்கள் மூன்று போட்டு, சைஃபன் முறையில் நீரை இறக்கப் பார்த்தார்கள். தொட்டியில் குழாயை வைத்து வாயால் உறிஞ்சிவிட்டால் தானாக ஊற்றுமே, அதே முறை. இதற்கு ஓர் எல்லை உண்டு. சைஃபனில் நீரை மேட்டைத் தாண்ட வைப்பது காற்றழுத்தம். கடல்மட்டத்தில் அது கோட்பாட்டளவில் 10 மீட்டர் வரை தூக்கும். 5,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ பாதி. ஐந்து மீட்டர் சொச்சம்தான், நடைமுறையில் இன்னும் குறைவு. அளவும் போதாது. மூன்று குழாயும் சேர்ந்து நொடிக்கு 150 லிட்டர் இறைத்தால் நாளுக்குச் சுமார் 13,000 கன மீட்டர். 6 கோடி கன மீட்டர் கொண்ட ஏரியை, புதுநீரே வராவிட்டாலும், காலி செய்ய 12 ஆண்டுக்கு மேல். குளிர்காலத்தில் குழாய் உறைவது தனி. நேபாளத்தில் கரையை வெட்டி மதகு வைத்துப் பார்த்தார்கள்: சோ ரோல்பா ஏரி 2000-ல் 3 மீட்டரும், இம்ஜா ஏரி 2016-ல் 3 மீட்டருக்குச் சற்று மேலும் இறக்கப்பட்டன. அந்த உயரத்தில் இயந்திரங்களை ஏற்றி, ஆண்டில் சில மாதமே வேலை செய்து, கிடைத்தது அவ்வளவு.

மே மாதத்துக்குச் சேமிப்பது

லடாக்குக்குத் திரும்புவோம். அங்கே பனியாறுகள் சிறியவை, பெரும்பாலும் 5,000 மீட்டருக்கு மேல் இருப்பவை. ஜூன் வந்தால்தான் நன்றாக உருகும். ஏப்ரல், மே மாதங்களுக்குத் தாழ்ந்த சரிவுகளின் வெண்பனிதான் கைகொடுக்கும். அது குறைந்தால் விதைப்புக்கு ஓடை வறண்டிருக்கும். அதே ஓடையில் குளிர்காலம் முழுக்கச் சிறிது தண்ணீர் யாருக்கும் உதவாமல் ஓடிக்கொண்டிருக்கும். பொறியாளர் செவாங் நோர்பெல் 1980-களில் இதைத்தான் பிடித்தார். ஊருக்கு மேலே, வெயில் படாத மென்சரிவில் படிப்படியாகக் கல்சுவர் கட்டி, குளிர்கால ஓடையைத் திருப்பி மெல்லப் பரவவிட்டால் அடுக்கடுக்காக உறையும். பனியாற்றைவிடத் தாழ்ந்த இடம் என்பதால் ஏப்ரலிலேயே உருகத் தொடங்கும். வேகமாக விட்டால் உறையாமல் ஓடிவிடும்; அதற்குத்தான் சுவர்கள்.

நிழலான இடம் எல்லா ஊருக்கும் அமையாது. லடாக்கின் இன்னொரு பொறியாளர் சோனம் வாங்சுக் 2013-14 குளிர்காலத்தில் செய்து காட்டிய பனி ஸ்தூபிக்கு நிழல் தேவையில்லை. ஓடையின் மேட்டிலிருந்து குழாய் புதைத்துக் கீழே கொண்டுவந்து நிமிர்த்தினால், நீர் தன் மட்டத்தை எட்டப் பார்த்துப் பீய்ச்சும். பம்பும் மின்சாரமும் வேண்டாம். -20 டிகிரி இரவில் துளிகள் விழுந்து கூம்பாக உறையும். பரந்து கிடக்கும் கட்டியைவிடக் கூம்பில், உள்ளிருக்கும் கன அளவுக்கு வெயில் படும் பரப்பு குறைவு. முதல் மாதிரி 6 மீட்டர் உயரம், சுமார் 1.5 லட்சம் லிட்டர், மே நடுப்பகுதி வரை நின்றது. ஒரு ஹெக்டேருக்கு 50 மில்லிமீட்டர் ஆழம் ஒரு தடவை பாய்ச்ச 5 லட்சம் லிட்டர் வேண்டும். அதாவது மூன்றில் ஒரு பங்கு ஹெக்டேருக்கு ஒரு பாய்ச்சலுக்கும் காணாது. அதன் பிறகு 20 மீட்டர் உயரத்துக்கும் கட்டினார்கள். பார்லியைவிட இளம் வில்லோ, பாப்லார் கன்றுகளுக்குச் சொட்டுச் சொட்டாக விடுவது இதற்கு நன்றாகப் பொருந்துகிறது.

கெடுவது பெரும்பாலும் குழாயில். நீர் ஓடிக்கொண்டிருக்கும் வரை உறையாது. ஓட்டம் ஓர் இரவு தடைப்பட்டால் உள்ளேயே இறுகிக் குழாய் வெடிக்கும். எனவே உறைமட்டத்துக்குக் கீழே புதைக்க வேண்டும், நிறுத்தினால் உடனே வடித்துவிட வேண்டும், நடுவில் தொய்வு இருந்தால் அங்கேதான் அடைக்கும். குளிர் போதாத இரவில் பீய்ச்சியதெல்லாம் உறையாமல் வழிந்தோடும். வரத்து நீரைக் குளிருக்குத் தக்கபடி கூட்டிக் குறைக்க ஆள் வேண்டும். மேலூர் ஓடையைத் திருப்பினால் கீழூருக்கு என்ன மிஞ்சும் என்ற பழைய வழக்கும் கூடவே வரும்; அதைத் தீர்க்கக் குழாயால் ஆகாது, சுர்போன்தான் வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: குளிர்காலத்தில் ஓடையில் ஓடும் அந்தச் சிறிது தண்ணீர், மேலே உள்ள பனியும் பனியாறும் கோடையில் மண்ணுக்குள் இறக்கி ஊற்றாக வெளிவிடுவது. அது இருக்கிற ஊரில்தான் ஸ்தூபி எழும்பும்.